பெயர் காட்டாத வைஃபை

"உங்க வூட்டு வைஃபை பேரை நீங்களே இன்னாத்துக்குக்கா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டபடி, வைஃபையைப் பிடிக்கும் புது அடாப்டரை முன்பக்கமிருந்து பிடுங்கி கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினான் பாக்யராஜ்.

கல்பனா மேஜைத் தூசியைத் துடைக்கத் தொடங்கினாள். ரிப்பேருக்கென்று வில்லியனூரிலிருந்து சுத்துக்கேணிக்கு வரவழைத்தவனிடம் குடும்பக் கதையையுமா அவிழ்த்துவிட முடியும்?

"அண்ணா, பன்னெண்டு மணிக்கு டெஸ்ட்டு. கொஞ்சம் சீக்கிரம்ணா" என்று கையைப் பிசைந்தாள் மகள் சுவேதா.

சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலைக்கான தேர்வு. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். இன்றைக்கு விட்டால் வேலை போனது போனதுதான். இடி இடித்த நாளிலிருந்து நெட் வரவில்லை. அடாப்டர்தான் புட்டுக்கொண்டது என்று புதிது வாங்கி மாட்டியும் பலன் இல்லை.

"ஒளிச்சு வெச்ச நெட்டு தானா கண்ல படாது. பேரை நாமதான் அடிக்கணும். அடி பாப்பா."

சுவேதா பெயரை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள். திரையில் வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று கையை விரித்தது. பாக்யராஜ் அடாப்டரை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டான். பெயர் வெளியே காட்டாவிட்டாலும் தானாக இணையும்படி டிக் அடித்தான். ஊஹூம். கடைசியில் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தத் தெருவில் போன் சிக்னல் நொண்டியடிக்கும். அதை நம்பித் தேர்வு எழுத முடியாது.

"அடாப்டர் நல்லாத்தாங்க்கா கீது. கோளாறு வைஃபை பொட்டியிலதான். எங்க அது?"

சுவேதா சுவரைக் காட்டினாள். "அந்தாண்ட. பெரியப்பா வூட்ல."

இனி மறைக்க என்ன இருக்கிறது? கல்பனா கொட்டிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் கணவனின் அண்ணன் குழந்தைவேல். கரும்புக்கு போர்வெல் தண்ணீர் விடுவதில் சண்டை வந்து, வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பி, பேச்சும் நின்றுபோனது. அதோடு வைஃபையின் பெயரையும் மறைத்துவிட்டார். ஆனால் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. ஒன்றாக இருந்த காலத்தில் சுவேதாவுக்கு எல்லாம் மனப்பாடம்.

"மாத்த மறந்துட்டாரு. நாங்களும் சத்தம் போடாம ஓட்டிக்கினு இருந்தோம். புள்ள படிப்புப்பா, வேற இன்னா பண்றது?" என்றபோது கல்பனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. திருட்டு திருட்டுதானே.

"புதுப் பொட்டி மாட்டியிருப்பாங்க, பேரு மாறியிருக்கும். ஒளிச்சு வெச்ச நெட்டுல பேரு தெரியலன்னா ஒண்ணும் வேலைக்காவாதுக்கா. போய்க் கேட்டாதான் உண்டு."

செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று தெருவே கேட்கச் சொன்னவள் கல்பனா. மகளின் முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பாக்யராஜையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

குழந்தைவேல் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நாளாகத் திருடுகிறீர்கள் என்று கேட்டால் அங்கேயே உயிர் போய்விடும் என்றிருந்தது கல்பனாவுக்கு.

"மாமா... சுவேதாவுக்கு இன்னிக்கு டெஸ்ட்டு. உங்க நெட்டு பேரு..."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பாக்யராஜிடம் சொன்னார். "உள்ள வா தம்பி. இடியில பழைய பொட்டி போயிடுச்சு. புதுசு மாட்டினவன் இன்னா பேரு வெச்சான்னு எனக்குத் தெரியாது. நீயே பாரு."

பெட்டியைக் கவிழ்த்தான் பாக்யராஜ். அடியிலேயே பெயரும் பாஸ்வேர்டும் ஒட்டியிருந்தன. சுவர் ஓரம் நின்று உரக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து, "வந்துடுச்சும்மா!" என்று சுவேதாவின் குரல் கேட்டது. கல்பனாவுக்குக் கண் கலங்கியது. மணி பதினொன்றரைதான்.

"அப்டியே உங்க போனையும் குடுங்கய்யா, புதுப் பேரைப் போட்டு வுட்டுடறேன்."

குழந்தைவேல் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டியது ஒரு பட்டன் போன்.

"இதுல நெட்டு வராதேய்யா. வூட்ல வேற யாருகிட்ட இருக்குது?"

"யாருகிட்டயும் கெடையாது. என் மவன் அன்புராஜ் வேலைக்குன்னு போட்ட நெட்டு. அவன் பெங்களூரு போயி வருசக்கணக்காவுது."

"அப்ப மாசாமாசம் யாருக்குய்யா கட்டறீங்க?"

குழந்தைவேல் சுவர்ப் பக்கம் தலையை ஆட்டினார். "அந்தாண்ட படிக்கிற புள்ளைக்குத்தான். பேரு வெளிய தெரிஞ்சா தெருப் பசங்கல்லாம் வந்து தொங்குவானுங்க, அந்தப் புள்ளைக்கு ஸ்பீடு வராது. அதான் மறைச்சு வெக்கச் சொன்னேன்."