நிற்காத வாட்ச்

வெளிநாட்டில் கட்டட வேலையில் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தான் என் மகன் தங்கப்பழம். சவப்பெட்டியோடு வந்த அவன் வாட்ச் நின்றுபோயிருந்தது.

"இது சோலார் வாட்ச். வெயில்ல வைங்க பெரியவரே, தானா சார்ஜ் ஏறும்" என்றான் வாட்ச் கடைக்காரன்.

நான் நம்பவில்லை. என் பெண்டாட்டி மொட்டைமாடியில் வைத்தாள். மத்தியானத்துக்குள் முள் ஓடியது.

"பாத்தியளா, ஓடுது!" என்று அழுதாள்.

அவனைக் கொன்ற வெயிலையே குடித்துவிட்டு ஓடுகிறது, மானங்கெட்டது. பிடுங்கி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். செத்துவிட்டதா என்று தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். ஆறு மாதமாகியும் நிற்கவில்லை. நேற்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன்.

"தெனமும் தெறந்து வெளிச்சம் காட்டுனா எப்படிய்யா நிக்கும்?" என்றான்.

வாயில் வந்தபடி ஏசிவிட்டு வந்தேன். இன்று காலையும் பெட்டியைத் திறந்தேன். வெகுநேரம் மூடவில்லை.