மாடத்திலிருந்து வந்த பதில்

"எவனாவது இருமினீங்கன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்!" என்று கீழேயிருந்து கத்தினார் டைரக்டர்.

சீமி மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பிலிமும் ஒரே ஒரு சுருள்தான் மிச்சம்.

நான் மர மாடத்தில் நின்றிருந்தேன். படத்தில் என் பெயர் இசபெல், பெரிய இடத்துப் பெண். எதிரே, கயிற்றில் ஏறி வந்த முகமூடிக் கொள்ளைக்காரன். ஊருக்கு அவன் பட்டுச்சட்டைப் பிரபு; முகமூடி போட்டால் ஏழைகளின் ஆள். கண்ணைத் தவிர முகம் முழுக்கக் கறுப்புத் துணி.

துணி இருந்தது நல்லதாகப் போயிற்று. கதாநாயகன் ஃபென்டனுக்கு முகம் உண்டு, குரல் கிடையாது. ஊமைப்படக் காலத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. இப்போது பேசும்படம் வந்துவிட்டது; அவர் வாயைத் திறந்தால் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது.

அதனால் மாடத்துக்கு அடியில் ஓர் ஏணியில், குதிரைக்காரர் எவரிஸ்தோ நின்றார். பிரபுவுக்கு அவர்தான் குரல். மைக் என் பக்கத்துப் பூந்தொட்டிக்குள் இருந்தது.

அவருக்கு ஒன்று தெரியாது. என் பாவாடைத் தையல் பிரிந்துபோய், அதைப் பிடித்துக்கொண்டு தையல்காரி ஹெர்மீனியா என் காலடியில் குந்தியிருந்தாள்.

ஆறு வருடமாக அவர் பித்தான் அறுந்த சட்டையோடு அவளிடம் வருவார். தைத்து வாங்குவார். நன்றி சொல்லுவார். போய்விடுவார். அவ்வளவுதான்.

ஐந்து முறை எடுத்தும் டைரக்டருக்குத் திருப்தியில்லை.

"பெரியவரே, பாடம் ஒப்பிக்காதீங்க. மனசுல இருக்கிற பொண்ணை நினைச்சுக் கேளுங்க."

காமிரா ஓடியது. ஃபென்டன் என் கையைப் பற்றினார். அடியிலிருந்து எவரிஸ்தோவின் குரல் வந்தது.

"ஹெர்மீனியா... என்கூட வந்துடுறியா?"

'வருகிறேன், பிரபுவே' என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறப்பதற்குள் காலடியிலிருந்து பதில் போய்விட்டது.

"இதைக் கேக்கவாய்யா இத்தனை வருஷம்?"

வேலை போய்விடும் என்று தெரிந்தவள்தான். குரல் துளியும் நடுங்கவில்லை.

அவளுடைய முதல் சொல்லுக்கே நான் விசிறியை விரித்து வாயை மறைத்துக்கொண்டிருந்தேன். கண்ணால் மட்டும் சிரித்தேன்.

"கட்!"

அதற்குப் பிறகுதான் ஏணி சாய்ந்தது.

"யாருய்யா அந்த ஹெர்மீனியா?" என்று குதித்தார் டைரக்டர்.

ஒலிப்பதிவுக்காரர் காதுக்கருவியைக் கழற்றினார். "பெரிய இடத்துப் பொண்ணுக்கு ஏழெட்டுப் பேர் இருக்கும் சார். அதுல ஒண்ணுன்னு வெச்சுக்குங்க."

வெளிச்சமும் இல்லை, சுருளும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டார்.

படம் வெளிவந்தபோது அந்த ஒரு இடத்துக்கு அரங்கம் அரங்கமாகக் கைதட்டினார்கள். என் குரலில் இவ்வளவு உயிரா என்று பத்திரிகைகள் வியந்தன. அடுத்த படத்திலும் அதே குரலில் பேச வேண்டும் என்று கம்பெனியிலிருந்து எனக்குத் தந்தி வந்தது.

எனக்குக் குரல் கொடுக்கச் சொல்லிக் கேட்க, தந்தியைத் தூக்கிக்கொண்டு ஹெர்மீனியா வீட்டுக்கு ஓடினேன். எவரிஸ்தோ அடுப்படியில் சோளரொட்டி புரட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு முறை படித்துவிட்டு அவள் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தப் பதிலை ஒருத்தருக்குத்தான்மா சொல்ல முடியும். சொல்லியாச்சு."