இரண்டரை

நாலாவது தடவையும் திரையில் இருபத்திநாலு என்றுதான் வந்தது. காகிதத்தில் போட்டால் முப்பது.

ராஜஸ்ரீ தான் எழுதிய வரியை மறுபடி பார்த்தாள். 5 / 2 * எடை. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் கம்ப்யூட்டர் மிச்சத்தைத் தள்ளிவிடும். இரண்டரை வரவேண்டிய இடத்தில் வெறும் இரண்டு. பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு வலிப்பு மருந்து முப்பது மில்லிகிராம் போகவேண்டும். இது இருபத்திநாலு போதும் என்கிறது.

திங்கட்கிழமை, மருந்தளவு சொல்லும் அந்த ப்ரோக்ராமை ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் போட்டார்கள். இன்று வியாழன்.

"வெங்கிடேஷ் சார்..."

மானேஜர் எழுந்து வந்து, பஸ் நேரம் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்தார்.

"சரி, மாத்து. 5.0-ன்னு போடு."

"ஆஸ்பத்திரில, சார்? நாலு நாளா குழந்தைகளுக்கு..."

"அதை நான் பாத்துக்கறேன்."

"ஒரு ஃபோனாவது பண்ணிடறேன்."

"ஃபோனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை அங்க போப்படாது. போச்சுன்னா நாளைக்கு நீ இங்க வரண்டாம், கேட்டியா?"

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டீ!

ராஜஸ்ரீ படியிறங்கி, வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். குழந்தை என்ன ஆனால் இவருக்கென்ன? கம்பெனி பெயர் கெடக்கூடாது. தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் முன்னால் வண்டிகள் நகரவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நாலு நாள். எத்தனை வேளை என்று பெருக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் காலி. விரிப்பை உருவி, மெத்தையை மடித்துவைத்திருந்தார்கள். திங்கட்கிழமை அதில் ரோஸ் வளையல் போட்ட ஒரு பெண் குழந்தை கிடந்தது. ப்ரோக்ராமில் அவள் முதலில் தட்டிப்போட்ட எடை அதனுடையதுதான். பன்னிரண்டு கிலோ.

"சிஸ்டர், அந்தக் குழந்தை...?"

ராகேல் சிஸ்டர் நிமிர்ந்தாள். "அது நேத்தே சுகமாயிட்டு வீட்டுக்குப் போச்சே. எதுக்கு மோளே இப்பிடி ஓடி வருத?"

ராஜஸ்ரீ அவளருகே போனாள்.

"மருந்துக் கணக்கு தப்பு, சிஸ்டர்."

"ஓ, அதா? கம்ப்யூட்டர்லேர்ந்து முதல் மருந்துச் சீட்டு வந்தப்பவே எனக்கு சம்சயம். இருவது வருஷமா குடுக்கிற மருந்தல்லே? குடுக்காம உங்க ஆபீசுக்கு ஃபோன்ல விளிச்சேன். உங்க சாரு ஓடி வந்து, இங்கயே இருந்து சரியாக்கினாரு. ஆனா டாக்டர் விடல்ல. இத எழுதின ஆளு இனி இந்த வாசல் ஏறப்பிடாதுன்னு ஒரே சத்தம். 'நான்தான் எழுதினேன்'னு உங்க சாரு தலைகுனிஞ்சு நின்னாரு. பாவம், பிள்ளைங்க முன்னாலேயே கண்டபடி ஏச்சு. நோட்டிலயும் எழுதி வாங்கியாச்சு. அந்தா கிடக்கு, பாரு."

மூலையில் ஒரு குழந்தை வீறிட்டது. ராகேல் சிஸ்டர் அந்தப் பக்கம் ஓடினாள்.

கம்ப்யூட்டர் மேஜைமேல் புகார் நோட்டு திறந்து கிடந்தது. திங்கட்கிழமைத் தேதி. பிழை செய்தவர்: வெங்கிடேஷ். பக்கத்தில் கையெழுத்து.

ராஜஸ்ரீ நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்தாள். அந்தப் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதினாள்.