பழைய பாஸ்வேர்டு

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் அவளுடைய லேப்டாப், காலையிலிருந்து வைஃபையில் இணையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரவுட்டரைப் பிடுங்கிச் செருகியும் பார்த்தாள், மசியவில்லை. கடைசியில் உதவி மையத்துக்குப் போன் செய்தாள்.

“மேடம், ஒரு போன் தப்பான பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டு முட்டிக்கிட்டே இருக்கு. அதுலதான் ரவுட்டர் திணறுது. ‘குட்டியானை’ன்னு பேர் காட்டுதே, யாருங்க அது?”

குட்டியானை அவள் தம்பி. மூன்று மாதத்துக்கு முன் ஒரு சின்னச் சண்டையில், வீம்புக்கு அவள் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்ததால், அவன் கோபத்தோடு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினான். வழியில் லாரி மோதிவிட்டது. அவன் உடலோடு, நொறுங்கிப்போன அந்தப் போனையும் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தவள் அவள்தான்.

“அதை பிளாக் பண்ணிடவா மேடம்?”

“ஐயோ, வேண்டாங்க!”

ரவுட்டரில் பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டாள்.

“இப்ப ரெண்டும் கனெக்ட் ஆயிடுச்சு மேடம்” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. “என் மேல இன்னும் கோவமாடா?” என்று வெறும் அறையைப் பார்த்துக் கேட்டாள். சாயங்காலம்வரை ரவுட்டரின் பட்டியலில் அந்தப் பெயர் எதையும் தேடாமல், எதையும் இறக்காமல், சும்மா இணைந்தே இருந்தது.