மேல்தாடை, இடது பக்கம்

நடுவரம்மா துரையின் உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ண ஆரம்பித்தார்.

துரை எங்கள் நாய். நடையைப் பார்த்து வைத்த பெயர். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, அந்த நாய்க் கண்காட்சி மைதானமே தன் பேரில் எழுதி வைத்ததுபோல நின்றது.

பக்கத்தில் மருமகள். ஒரு கையில் கழுத்து வார், இன்னொரு கை தாடைக்கு அடியில்.

நானும் மகனும் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம். நாய் என்னவோ அவனுடையதுதான். ஆனால் அவன் பிடித்துக்கொண்டு போனால் காது மடங்கிவிடும், வால் காலுக்கு நடுவே போய்விடும். அவன் மேல் அதற்கு மரியாதை ஜாஸ்தி, அவ்வளவுதான் என்று கேட்பவர்களிடம் சொல்வேன்.

தோள், முதுகு, மார்பு எல்லாம் பார்த்தாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, செதுக்கி வைத்த உடம்பு. குறை என்றால் ஒன்றே ஒன்று. மேல்தாடையில், இடது பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு சின்னப் பல் இல்லை. அதனால் தின்பதற்குத் தடையா, குரைப்பதற்குத் தடையா? ஆனால் இந்தப் போட்டிகளில் பல்லைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நகைக்கடையில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

பிறவியிலேயே இல்லாத பல் என்றால் நாயைத் தள்ளிவிடுவார்கள். அடிபட்டுப் போன பல் என்றால் மன்னிப்பு உண்டு. அதற்கு நாய் டாக்டர் எழுதிய கடிதம் வேண்டும்.

அந்தக் கடிதத்தை அலைந்து வாங்கியவள் நான். படியில் உருண்டு விழுந்ததில் பல் போய்விட்டது என்று அதில் இருக்கிறது.

அதைக் காட்டியே இரண்டு போட்டி ஜெயித்தாயிற்று. இன்றும் ஜெயித்தால் சாம்பியன் பட்டம். சான்றிதழை மாட்டுவதற்கு மகன் நேற்றே கூடத்துச் சுவரில் ஆணி அடித்துவிட்டான்.

அந்த ஆணி காலியாகவே இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நடுவரம்மா ஒரு தடவை எண்ணினார். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார். என் நாக்கு தானாகப் போய் என் கட்டுப்பல்லைத் தொட்டுப் பார்த்தது. பல் என்ற பேச்சை எடுத்தாலே அதற்கு அந்தப் பழக்கம்.

மற்ற நடுவர்களெல்லாம் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த அம்மா முழுதாகப் படித்தார்.

"எத்தனை படிம்மா? எப்படி விழுந்தான்?"

நாலு படி, மழை ஈரம், வழுக்கிவிட்டது. இதை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். இரண்டு தடவை ஒப்பிக்கவும் வைத்தேன்.

மருமகள் நிமிர்ந்தாள். யாரிடம் பேசினாலும் அவளுக்கு ஒரு கை வாய்க்குப் போய்விடும். வந்த புதிதில் அப்படி இருந்தவள் இல்லை, எதற்கெடுத்தாலும் வாய்கொள்ளாமல் சிரிப்பாள். எனக்கு இவளைப் பிடித்ததே அந்தச் சிரிப்பால்தான். இன்றைக்கு இரண்டு கையும் நாயின் மேல் இருந்தன.

"எங்க வீட்டுல படியே கிடையாதுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். எங்களுக்குக் கேட்டது.

உண்மைதான். எங்களுடையது தரையோடு தரையாக இருக்கிற வீடு. வாசலில் ஏறி இறங்க ஒரு கல்கூடக் கிடையாது.

நடுவரம்மா துரையின் வாயைப் பார்த்தார். பிறகு அவள் வாயைப் பார்த்தார்.

அதே மேல்தாடை. அதே இடது பக்கம்.

அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவளும் நான்தான். அங்கேயும் நாலு படி என்றுதான் சொன்னேன்.

நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கயிற்றைப் பிடித்திருந்த மகனின் விரல்கள் வெளுத்துப்போயின.

கடிதத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டியலில் துரையின் எண்ணை அடித்தார். பிறகு மருமகளிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

ஆட்டிவிட்டு நாயோடு நடந்தாள். நாங்கள் நின்ற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்வாசலைப் பார்த்து நடந்தாள். துரை இன்றைக்கு நடந்த நடையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

"எங்க போறா அவ? கூப்பிடும்மா," என்றான் மகன். "வீட்டுக்கு வரட்டும், பேசிக்கிறேன்."

என் குரலுக்கு இரண்டு தெரு தள்ளிப் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அவள் திரும்பி வந்துவிடுவாள். என் பேச்சைத் தட்டியதில்லை.

அவள் வாசலைத் தாண்டும் வரைக்கும் நான் கட்டுப்பல்லை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இவன் அப்பா இருந்த காலத்தில், இல்லாத அந்தப் படியில் முதலில் விழுந்தவள் நான்.