இரண்டு முறை வந்த தேதி

தினசரி காலண்டர் செய்யும் அந்தக் கூடத்தில் வருடத்தின் எல்லா நாட்களும் நீண்ட மேசைகளில் குவியல் குவியலாக இருந்தன. பெண்கள் வரிசையாக நடந்தபடி குவியலுக்கு ஒரு தாள் எடுத்து அடுக்குவார்கள். கடைசி மேசையைத் தாண்டும்போது கையில் ஒரு முழு வருடம் இருக்கும். சூப்பர்வைசர் ரத்தினவேலு அதை வாங்கித் தகரப்பட்டை அடிப்பார்.

மாடத்தி நீட்டிய வருடத்தைக் கட்டைவிரலால் புரட்டியபோது ஒரே தேதி இரண்டு முறை வந்தது. தாளின் அடியில் 'இதே நாளில்' என்று அச்சிட்டிருந்தது. ஒரு ராஜா முடிசூடினார். ஒரு பெரும் போர் ஓய்ந்தது. ஒருவன் கடலை நீந்திக் கடந்தான்.

"ரெண்டு வந்திருச்சே, மாடத்தி."

"தெரிஞ்சுதான் எடுத்தேன் அண்ணாச்சி. ஒண்ணு இதுல போட்டிருக்க ராஜா மாதிரி ஆளுகளுக்கு. இன்னொண்ணு எம்மவளுக்கு. அவ இருந்ததே அந்த ஒரு நாளுதான்."

ரத்தினவேலு பட்டை அடித்து அடுக்கியிருந்த காலண்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நாள் கூடுதலாக இருந்தது. ஒன்றில் பொங்கலுக்கு மறுநாள். இன்னொன்றில் ஐப்பசி மழையில் ஒரு வியாழக்கிழமை.

சுத்தியலை வைத்துவிட்டுச் செப்டம்பர் மேசைக்கு நடந்தார். அவருடைய தம்பி வீட்டைவிட்டுப் போன தேதி அங்கே இருந்தது. ஒரு தாள் எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்கு முன்பே யாரோ கூடுதலாக எடுத்ததுபோல், அந்தக் குவியல் பக்கத்துக் குவியல்களைவிட ஏற்கெனவே தாழ்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தார். பெண்கள் தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தார்கள்.