இறங்காத மனிதர்

"மச்சான், மெஷினைக் கீழ வை. மேல யாரோ உட்கார்ந்திருக்காங்க."

சொன்னவர், மரம் வெட்ட வந்திருந்த 'ரம்பம்'. காய்ந்த கிளை ஏதாவது தலையில் விழுமா என்று அண்ணாந்து பார்க்காமல் அவர் ஒரு நாளும் செயின் ரம்பத்தை முடுக்கியதில்லை. இன்று அப்படிப் பார்த்தபோது, இலைகளுக்கு நடுவே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன.

ரம்பம் என்ற பட்டப்பெயர் அவருக்கு மரம் வெட்டும் தொழிலால் வந்ததல்ல. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவரை அறுத்துத் தள்ளிவிடுவார். கயிறு பிடிக்க அவருடன் வரும் மச்சான், மெஷின் சத்தத்துக்காகப் போடும் காதடைப்பானைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை.

"சார், கொஞ்சம் இறங்குங்க. வேலை ஆரம்பிக்கணும்."

"முடியாதுப்பா," என்றது மேலிருந்து ஒரு மெல்லிய குரல்.

"அப்படிச் சொல்லக் கூடாது சார். மரம் எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஒரு ஆள் நிக்கக் கூடாது. நீங்க மரத்துலயே இருக்கீங்க. இது விளையாட்டு இல்ல சார். விழற பக்கம் முதல்ல வாய் மாதிரி ஒரு வெட்டு. பின்பக்கம் அதுக்குச் சற்று மேல இன்னொரு வெட்டு. நடுவுல கதவுக் கீல் மாதிரி கொஞ்சம் மரத்தை விட்டு வைப்போம். அந்தக் கீல்தான் நாம சொன்ன பக்கம் மரத்தைப் படுக்க வைக்கும்."

"தம்பி, நான் என்ன சொல்றேன்னா..."

"புரியுது சார். மரத்து மேல பாசம். எனக்கு மட்டும் இல்லையா? ஒவ்வொரு மரத்தையும் தொட்டு மன்னிப்புக் கேட்டுட்டுதான் மெஷினையே எடுப்பேன். மச்சானைக் கேளுங்க."

மச்சானுக்குக் காது கேட்கவில்லை.

அதற்குள் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூன்றாவது மாடி நூலகர், வாசல் மரத்தைக் காப்பாற்ற அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. கண்களை இறுக மூடிக்கொண்டு நூலகர் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த கோலத்தைப் பார்த்து, "பெத்த பிள்ளையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கார்," என்று ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். மரம் இருக்கும் இடத்தில் கார் கொட்டகை போட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் கனவு.

"சார், இது கூட்டத்துல முடிவான விஷயம். மரம் உள்ளுக்குள்ள உளுத்துப்போச்சு. மரியாதையா இறங்குங்க."

"முடியாது சார்." இந்த முறை குரல் அழுகைக்கு மிக அருகில் இருந்தது. பால்கனிகள் கைதட்டின.

செயலாளர் ரம்பத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. உளுத்த மரம்தானே?"

ரம்பம் கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினார். கணீரென்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைய கூலி கைக்கு வரும். ஆனால் அந்த வாய் என்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"இல்ல சார். இன்னும் நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும்."

மச்சான் அந்த ஒன்றை மட்டும் எப்படியோ கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் நூலகரின் மனைவி இரவு உடையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு கீழே வந்தார். மேலே பார்த்தார். நம்ப முடியாமல் இன்னொரு முறை பார்த்தார்.

"கல்யாணமான நாள்ல இருந்து எங்கிட்ட ஒரு தடவைகூட முடியாதுன்னு சொன்னதில்ல இந்த மனுஷன்," என்றார். "இவருக்குள்ள இப்படி ஒரு வீரம் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

அதற்கு மேல் செயலாளரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மாடி மாடியாக அவரை முறைக்கிறார்கள். முகத்து நுரை வேறு காய்ந்து அரிக்கிறது.

"சரி, சரி. மரம் இருக்கட்டும். கொட்டகையைப் பின்பக்கம் போட்டுக்கறோம். எல்லார் முன்னாலயும் வாக்குக் கொடுக்கறேன், போதுமா?"

கைதட்டலில் கிளையில் மிச்சமிருந்த காக்கைகளும் பறந்துவிட்டன. எதிர் வீட்டுக்காரர் கைப்பேசியில் படம் பிடித்தார். நூலகரின் மனைவி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, காபி போட்டுத் தரேன்," என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். மணமான புதிதில் கூப்பிட்டது போல இருந்தது அது.

ரம்பம் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எத்தனையோ மரங்களைச் சாய்த்தவர், ஒரு மரம் நிற்பதைப் பார்த்துப் பேச்சிழந்து நின்றது அன்றுதான். மச்சான்கூட காதடைப்பானைக் கழற்றிவிட்டு, என்ன ஆயிற்று இவருக்கு என்று அதிசயமாகப் பார்த்தான்.

அவர் வாய் மூடிய அந்த நேரத்தில்தான், நூலகருக்குப் பேச இடம் கிடைத்தது. மரத்தை விடாமல், ஒரே ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.

"பூனையை எடுக்கத்தான் ஏறினேன். அது அப்பவே இறங்கிப் போயிடுச்சு, எனக்குத்தான் இறங்கத் தெரியல."